குறிப்பு எங்கே தங்குகிறது?

பினாங்கின் கெலுகோரில், முன்பு பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த மிண்டன் வளாகத்தில் இருக்கிறது 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்குள்ள ஆய்வு மாணவர் எவரைக் கேட்டாலும் படிப்பில் பாதி பிடிஎஃப்தான் என்பார். ஆய்வேடு, கட்டுரை, மதுரைத் திட்டத்திலும் இலங்கையின் நூலகம் தளத்திலும் இறக்கிய தமிழ் நூல் எல்லாம் அந்த வடிவில்தான் வருகின்றன. கண் கூசாமல் படிக்க மின்மைத் (இ-இங்க்) திரைக் கருவி வாங்க நினைப்பவர், கருவியைவிட அதில் குறிப்பெழுதும் செயலியைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

அந்தத் திரைக்குள் முடியின் பருமனே உள்ள நுண்குமிழ்கள் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்னழுத்தம் மாறினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நிற்பதால், பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டாம். பினாங்கு வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் துகள் நகர நேரம் பிடிக்கும். பக்கம் சுத்தமாக மாற ஏறத்தாழ அரை நொடி ஆகும். கைப்பேசிக்கென்று செய்த செயலியில் பக்கத்தை விரலால் இழுத்தால், பழைய எழுத்தின் நிழல் படிந்து திரை கலங்கிவிடும். பக்கம் பக்கமாகத் திருப்பும் செயலிதான் ஒத்துவரும். மஞ்சள் தீட்டினாலும் கறுப்பு வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பலாகவே தெரியும், அடிக்கோடே மேல்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 10.3 அங்குலத் திரையின் அகலமோ ஏறத்தாழ 15.7 செ.மீ. அகலத்துக்குப் பொருத்திக் காட்டினால் எழுத்து முக்கால் அளவுக்குச் சுருங்கும். தமிழின் சுழிகளும் கொம்புகளும் அந்த அளவில் கண்ணைச் சோதிக்கும். இடப்பக்கம் 4, வலப்பக்கம் 2.5 செ.மீ. ஓரம் விட்ட ஆய்வேட்டில் எழுத்துப் பகுதி 14.5 செ.மீ.தான். ஓரத்தை வெட்டி அகலத்துக்குப் பொருத்திக் காட்டும் செயலி இருந்தால் அது முழு அளவிலேயே தெரியும். 6 அங்குலக் கருவிக்கு கோரீடர் என்ற இலவசச் செயலி உதவும். பக்கத்திலுள்ள சொற்களைப் படத் துண்டுகளாக நறுக்கிப் பெரிதாக்கி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கிவிடும். எந்த எழுத்துருவாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான் என்பதால், ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூலையும் இப்படிப் படிக்கலாம். கையெழுத்துக் குறிப்புக்கு மட்டும் அதில் வழியில்லை.

நான் முதலில் கேட்பது, எழுதிய குறிப்பு எங்கே போய்த் தங்குகிறது என்பதைத்தான். பிடிஎஃப் 2008இல் ஐஎஸ்ஓ தரநிலையானது. அடிக்கோட்டையும் பேனாக்கோட்டையும் கோப்புக்குள்ளேயே வைக்க அதில் முறை உண்டு. சோடோ செயலி அப்படித்தான் வைக்கிறது. சூப்பர்நோட் கருவி நூலுக்குப் பக்கத்தில் தனிக்கோப்பில் வைக்கிறது. ரிமார்க்கபிள் கருவி தனக்கே உரிய வடிவில் வைக்கிறது. கோரீடர் நூலுக்குப் பக்கத்திலேயே ஒரு தனிக் கோப்புறை போட்டுக்கொள்ளும். அமைப்பில் மாற்றினால் பிடிஎஃப்புக்குள்ளும் எழுதும். தனிக்கோப்பில் மூலநூல் கெடாது என்ற நன்மை உண்டு. ஆனால் கருவி மாற்றும்போது நூலை மட்டும் நகலெடுத்தால், வருடக்கணக்காக எழுதிய குறிப்பு பழைய கருவியிலேயே நின்றுவிடும். ஆகவே, நாலு பக்கத்தில் கோடு போட்டு, கோப்பைக் கணினிக்கு அனுப்பி, வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். கோடு தெரிகிறதா, அதைத் தனியே தொட்டு அழிக்க முடிகிறதா? இரண்டும் நடந்தால் நம்பி எழுதலாம்.

தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் செய்த பழைய பிடிஎஃப்பில் ‘அம்மா’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால், எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். யூனிகோடில் செய்த கோப்பிலும் சில சமயம் ‘பெண்’ என்பதில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னே போய்விடும். பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. வண்ணம் தீட்டிய வரிகளைப் பட்டியலாக எடுத்துத் தரும் செயலிகள் ஆங்கிலத்தில் அருமையாக வேலை செய்யும். இத்தகைய தமிழ் நூல்களில் அந்தப் பட்டியல் பயன்படாது. இங்கே பேனாவே நம்பகமானது. வேண்டிய மேற்கோளை மட்டும் பக்க எண்ணோடு தனிக் குறிப்பில் தட்டச்சு செய்துவிடலாம். ஆண்ட்ராய்டில் இயங்கும் பூக்ஸ் போன்ற கருவியானால், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் விசைப்பலகையை நிறுவிக்கொண்டு அந்தக் கருவியிலேயே தமிழில் எழுதலாம்.