மலையில் குடியேறிய குடும்பம்

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் ஜனசேவை செய்ய வருவோருக்குக் குறைவில்லை. 2023-ம் வருஷம் டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவரின் வலைகளும் படகுகளும் கறுத்தன. அப்போதும் பார்த்துப் பரிதாபப்பட்டவர் பலர். மாலையில் அவரவர் வீடு திரும்பினர். சேவை என்பது வந்து போகும் காரியமா, குடியிருந்து செய்யும் காரியமா? இதைச் சிந்திக்கும் ஊழியர்கள், கொல்லிமலையில் குடியேறிய ஓர் ஆங்கிலப் பாதிரிக் குடும்பத்தின் சரித்திரத்தை அறிவது நலம்.

வல்வில் ஓரியின் பெயரோடு விளங்கும் கொல்லிமலை இன்று நாமக்கல் ஜில்லாவில் உள்ளது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது மோட்டார் வண்டிகள் ஏறுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வசதி ஏது? நடந்து ஏறவேண்டும், இயலாதவரை டோலியில் சுமந்து செல்லவேண்டும். மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கே தங்கத் தயங்கினர். மலையாளி என்னும் பழங்குடி மக்களே அங்கு வாழ்ந்தனர்.

1907-ல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்ட், லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஈவ்லின் ஹாரிஸை 1913-ல் மணந்து, அம்மலையில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். 1914-ல் மகன் பால் பிறந்தான். தந்தை டாக்டர் பட்டம் பெற்றவரல்லர். கட்டட வேலை தெரிந்தவர், சிறிது காலம் வைத்தியம் பயின்றவர். பல் பிடுங்கினார், புண்களைக் கழுவிக் கட்டினார், தோலைத் துளைத்து வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார். பள்ளிகள் வைத்தார், தச்சு வேலை கற்பித்தார்.

அவர்கள் மதம் பரப்பவே வந்தார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. பிணி தீர்ப்பதை மதமாற்றத்துக்கு வழியாக்கலாகாது என்று காந்தியடிகள் வற்புறுத்தியது நியாயமே. மலையின் பூசாரியும் அவர்களை எதிர்த்தே நின்றார். ஆயினும் முதல் உலக யுத்த முடிவில் பரவிய விஷ ஜுரத்தில் மரணத் தறுவாயிலிருந்த அப்பூசாரி, தம் மகளை அந்தத் தம்பதிகளிடமே ஒப்படைத்தார் என்று அக்குடும்ப வரலாறு கூறுகிறது. பிரசங்கத்தை ஏற்காதவர் கூட, பக்கத்தில் இருந்தவரை நம்பினார்!

இதற்கு அக்குடும்பம் கொடுத்த விலை சிறிதன்று. 1923-ல் படிப்புக்காகப் பாலும் தங்கை கான்னியும் சீமையில் விடப்பட்டனர். தந்தையை மகன் மறுபடி காணவேயில்லை. 1929-ல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர் ஜுரம் ஜெஸ்ஸியைக் கொண்டு சென்றது. மரணச் செய்தி தந்தி வழியே விரைந்தது. அவர் உயிரோடிருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதமோ கப்பலில் வந்து, அதற்குப் பின்பே கைக்குக் கிடைத்தது. பதினைந்து வயதும் நிரம்பாத சிறுவன் அக்கடிதத்தை எவ்விதம் படித்திருப்பான்!

மகன் டாக்டராகி 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சியற்ற கை காயப்பட்டே தேய்கிறது என்று காட்டினார். மடங்கிய விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தினார். தாயோ, ஓய்வு பெறும் வயதில் மிஷன் சங்கம் ஊர் திரும்பச் சொல்லியும் கேளாமல் மலைக்கே சென்றார். குதிரை மீதேறிக் கிராமம் கிராமமாய்த் திரிந்து, 1974-ல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

நம் தேசத்தாரிலும் இத்தகையோர் உண்டு. 1922-ல் பில் சேவா மண்டலம் அமைத்த தக்கர் பாபாவை யார் மறப்பர்? மதம் வேறாயினும் பாடம் ஒன்றே: உடன் வாழாதவனுக்கு உபதேசிக்கும் உரிமை குறைவு.

ஆனால் ஊழியர் யாவரும் மக்களைப் பிரிந்து தியாகம் செய்யவேண்டும் என்பதன்று நம் கருத்து. பிராண்ட் தம்பதிகள் கட்டிய பள்ளிகளில் தங்கள் குழந்தைகளின் படிப்புக்கு இடம் காணவில்லை. அக்குறைக்கு அவர்களே வருந்தினர். சேவை செய்யும் இடத்திலேயே நம் குழந்தையும் படிக்கத் தகுந்த பள்ளி எழவேண்டும். அதுவே சரியான அளவுகோல். கொல்லிமலையாயினும் எண்ணூர்க் குப்பமாயினும், அவ்வூர்த் தண்ணீரைத் தன் குழந்தைக்கும் கொடுக்க வேண்டியவன், அதைச் சுத்தம் செய்வதை நாளைக்கென்று ஒத்திவைக்கமாட்டான்.