குண்டா? டொர்பிடோவா?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பு மீது குண்டு விழுந்துவிட்டது. இலங்கைக்குத் தெற்கே, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் மீதி விமானங்களில் ஒரு பகுதி டொர்பிடோ பூட்டித் தயாராக இருந்தது. இன்னொரு முறை கொழும்பை அடிக்கலாம் என்று யோசனை வந்ததும், டொர்பிடோவைக் கழற்றிக் குண்டு மாட்டச் சொன்னார் தளபதி. மாட்டிக்கொண்டிருக்கும்போதே வேவு விமானத்திலிருந்து செய்தி: கடலில் எதிரிக் கப்பல்கள் இரண்டு. மறுபடி டொர்பிடோ. அவை குரூசரா, டெஸ்ட்ரோயரா என்று வேறு குழப்பம். கடைசியில் டொர்பிடோ விமானங்கள் கிளம்பவே இல்லை. செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் போய் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரு பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்தன. மாண்டவர்கள் 424 பேர்.

வெற்றி அந்தத் தடுமாற்றத்தை மூடிவிட்டது.

இரண்டே மாதம். ஜூன் 4, மிட்வே தீவுக்கு அருகில் அதே தளபதி, அதே சிக்கல். பத்துக் கப்பல்கள் என்றது வேவு விமானம். என்ன வகை என்று கேட்டால், குரூசரும் டெஸ்ட்ரோயரும் என்றது. சற்று நேரத்தில், விமானந்தாங்கி போலவும் ஒன்று தெரிகிறது என்றது. தலைக்கு மேலே தாக்குதல் வேறு. கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பொழுது போக, அமெரிக்க விமானங்கள் பாய்ந்தன. ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் அழிந்தன.

அன்று வந்தவை ஒரு சில வானொலிச் செய்திகள்தான். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலின் கட்டளை அறை முழுக்கத் திரைகள். எதிரே வந்த விமானம் மேலேறுவதாகவே கருவி காட்டியது. இறங்கி வருகிறது என்று கூவிய குரல்களே எடுபட்டன. சுட்டு வீழ்த்தப்பட்டது ஈரானின் பயணிகள் விமானம். 290 உயிர்கள். தகவல் கூடினால் தவறு குறையும் என்பாரும் உண்டு. ஆனால் எதை ஒதுக்குவது என்று தெரியாத அறையில் இன்னொரு திரை இன்னொரு சுமைதான்.

உடப்புசல்லாவைத் தோட்டங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலையகத்தைப் புரட்டியதை யாரும் மறக்கவில்லை. அடைமழை நாளில் லயத்துக் கைபேசியில் வந்து குவிவதைப் பாருங்கள்: மண்சரிவு எச்சரிக்கை, பழைய வீடியோ, வேறு மாவட்டத்துக் குரல்பதிவு, யாரோ அனுப்பிய வதந்தி. மீட்புக்கு வரும் படை அதிகாரி, எந்த மலைக்கு முதலில் ஆளை அனுப்புவது என்று இதே குவியலுக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.

அடுத்த மழைக்கு முன்னே, லயத்துக்கு ஒருவரைக் குறித்து வையுங்கள். எச்சரிக்கையை அவர் ஒருவரே சரிபார்த்துச் சொல்லட்டும். சுவரில் புதிய வெடிப்பு, கலங்கிய ஊற்று, சாயும் மரம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள்.