ஏவுகணைகளைத் தடுக்குமா பொருளாதாரத் தடைகள்?

2002 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அரபிக் கடலில் கொடியேதுமின்றிச் சென்றுகொண்டிருந்த சரக்குக் கப்பலொன்றை ஸ்பானியக் கடற்படையினர் மறித்துச் சோதனையிட்டனர். வட கொரியாவிலிருந்து வந்த 'சோ சான்' என்ற அக்கப்பலில் சீமெந்து மூடைகளுக்கு அடியில் 15 ஸ்கட் ஏவுகணைகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. உலகம் பரபரப்படைந்தது. எனினும் இரண்டொரு நாட்களிலேயே கப்பல், ஏவுகணைகளுடன் விடுவிக்கப்பட்டு யேமனுக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டது. அவை தான் பணங்கொடுத்து வாங்கியவை என்று யேமன் அரசாங்கம் உரிமை கோரியதும், அத்தகைய வியாபாரத்தைத் தடைசெய்யும் சர்வதேசச் சட்டம் எதுவும் இல்லை என்று வாஷிங்டன் ஒப்புக்கொள்ள நேர்ந்ததுமே இதற்குக் காரணமாகும். யேமன் இராணுவத்தின் ஸ்கட் கையிருப்பு காலப்போக்கில் ஹூதி இயக்கத்தினரின் கைக்கு மாறியதையும், 2015 ஜூன் மாதம் அது சவூதி அரேபியாவை நோக்கி ஏவப்பட்டதையும் வாசகர்கள் அறிவர்.

அணுவாயுதப் பரவலைத் தடுக்க உடன்படிக்கை உண்டு. இரசாயன ஆயுதங்களுக்கும் உண்டு. ஏவுகணைகளுக்கு இல்லை. 1987 இல் ஏழு கைத்தொழில் நாடுகள் கூடி ஏற்படுத்திய ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு இருக்கிறது. 500 கிலோகிராம் சுமையை 300 கிலோ மீற்றர் தூரத்துக்குக் கொண்டு செல்லக்கூடிய ஏவுகணைகளையும் அவற்றுக்கான பாகங்களையும் ஏற்றுமதி செய்வதில் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்போம் என்ற இணக்கப்பாடே அது. பின்னர் 35 நாடுகள் வரை அதில் சேர்ந்துகொண்ட போதிலும், மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே 1990 இல் அமெரிக்கா தனது சொந்தச் சட்டத்தின் மூலம் பொருளாதாரத் தடை என்ற பிரம்பைக் கையிலெடுத்தது.

அந்தப் பிரம்பு ஒருபோதும் பயன்தரவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1991 இல் தென்னாபிரிக்காவின் அரச ஆயுத நிறுவனமான ஆம்ஸ்கோர் மீது அமெரிக்கா தடை விதித்தது. 1993 இல் அந்நாடு தனது நீண்டதூர ஏவுகணைத் திட்டத்தைக் கைவிட்டது. 1995 இல் மேற்கூறிய ஏற்பாட்டில் உறுப்புரிமையும் பெற்றது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த அவ்வேளையில் உலகச் சந்தைக்குத் திரும்புவதற்கான கதவு உண்மையிலேயே திறந்திருந்தது. கீழ்ப்படிந்தால் தடை நீங்கும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

இந்தியாவின் கதை வேறு. ரஷ்யாவின் கிளாவ்கொஸ்மொஸ் நிறுவனத்திடமிருந்து கிரையோஜெனிக் எந்திரத் தொழில்நுட்பத்தைப் பெறுவதற்கு இஸ்ரோ செய்துகொண்ட ஒப்பந்தத்துக்காக 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் தடை விதிக்கப்பட்டது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளை ஏவுவதற்குச் சற்று முன்னர் நிரப்பவேண்டிய அந்த எந்திரம், எந்நேரமும் ஆயத்தமாக நிற்கவேண்டிய போர் ஏவுகணைக்குச் சிறிதும் உகந்ததல்ல என்பது துறைசார்ந்த எவருக்கும் தெரியும். ரஷ்யா எந்திரங்களை மாத்திரம் கொடுத்துத் தொழில்நுட்பத்தைக் கொடாது பின்வாங்கியது. தமிழ்நாட்டின் மகேந்திரகிரி நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடந்தன. 2014 ஜனவரி 5 ஆம் திகதி சொந்த எந்திரத்துடன் இந்திய ரொக்கெட் விண்ணுக்குச் சென்றது. தடையினால் கிடைத்தது இருபது வருடத் தாமதம். இழந்தது, வெளியார் கண்காணிக்கக்கூடிய ஒரு வழங்கற்பாதை.

இன்று அதே இந்தியா அந்த ஏற்பாட்டில் 2016 முதல் உறுப்பினர். 2024 மார்ச்சில் பல குண்டுமுனைகளைத் தாங்கும் அக்னி-5 ஏவுகணையை அது பரிசோதித்தபோது தடை எதுவும் வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பாக்கிஸ்தானின் தேசிய அபிவிருத்தித் தொகுதி மீது அமெரிக்கா தடை விதித்தது. இரட்டை அளவுகோல் என்ற இஸ்லாமாபாத்தின் முறைப்பாட்டை வெறும் அரசியல் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாதென்றே நாம் கருதுகிறோம்.

பொருளாதாரத் தடை என்ற சொற்றொடரின் பொருளை எமது வடபுல வாசகர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. இராணுவத் தேவைக்கும் பயன்படலாம் என்ற காரணத்தினால் பற்றரியும் சீமெந்தும் யூரியாவும் எரிபொருளும் தடுக்கப்பட்ட 1990 களில், மாணவர்கள் ஜாம் போத்தல் விளக்கொளியில் படித்தார்கள். யுத்தம் நிற்கவில்லை. ஈராக்கியர் பதின்மூன்று ஆண்டுகள் அதைவிடக் கொடிய நிலையில் வாழ்ந்தனர். அங்கு பணியாற்றிய ஐ.நா. மனிதாபிமான இணைப்பாளர்களான டெனிஸ் ஹலிடே 1998 இலும், ஹான்ஸ் வொன் ஸ்பொனெக் 2000 இலும் மனம் பொறுக்காது பதவி துறந்தனர். 150 கிலோ மீற்றர் என்ற வரம்பை மீறிய அல் சமூட்-2 ஏவுகணைகளில் சுமார் 70 ஐ ஐ.நா. பரிசோதகர்களின் முன்னிலையில் ஈராக் அழித்துக்கொண்டிருந்த 2003 மார்ச் மாதத்திலேயே படையெடுப்பு ஆரம்பமாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் தனது திட்டங்களைக் கைவிட இணங்கித் தடைநீக்கம் பெற்ற லிபியாவின் கடாபிக்கு 2011 இல் நேர்ந்த கதியும் தெரிந்ததே.

இவற்றையெல்லாம் வட கொரியா கவனித்துக்கொண்டிருந்தது. லிபியாவிலிருந்து தான் கற்ற பாடத்தை 2011 மார்ச்சில் பகிரங்கமாகவே அது கூறியது. 2006 இலிருந்து 2017 வரை பாதுகாப்புச் சபை அந்நாட்டின் நிலக்கரி, கடலுணவு, புடைவை ஏற்றுமதிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து, எண்ணெய் இறக்குமதிக்கும் வரம்பிட்டது. ஆயினும் 2017 இல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையையும், 2023 இல் அதன் திண்ம எரிபொருள் வகையையும் பியோங்யாங் ஏவிக் காட்டியது. அத்தீர்மானங்கள் அனைத்துக்கும் கையுயர்த்திய ரஷ்யாவே 2024 மார்ச் 28 இல், அவற்றைக் கண்காணித்த நிபுணர் குழுவின் ஆயுளை வீட்டோ மூலம் முடித்துவைத்தது. அவ்வாண்டு ஜனவரி 2 ஆம் திகதி யுக்ரெயினின் கார்கிவ் நகரில் விழுந்த ஏவுகணையின் சிதைவுகள் வட கொரியாவினுடையவை என்று ஐ.நா. கண்காணிப்பாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். வாடிக்கையாளரே காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்!

ஈரான் விடயத்திலும் ஏவுகணைகள் மீதான ஐ.நா. கட்டுப்பாடுகள் 2023 ஒக்டோபரில் காலாவதியாகி, ரஷ்யாவும் சீனாவும் ஏற்க மறுத்த நிலையில் 2025 செப்டெம்பரில் மீண்டும் விதிக்கப்பட்டன. இடையில் 2024 இல் இரு தடவைகளும் 2025 ஜூனிலும் ஈரானிய ஏவுகணைகள் இஸ்ரேலை நோக்கிப் பாய்ந்தன.

இத்தடைகளின் சுமை தெஹ்ரானோடு நின்றுவிடவில்லை. அணுத் திட்டத்தின் பேரில் ஈரான் மீது அமெரிக்கா விதித்த தடைகளினால், எமது சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் பழகியிருந்த ஈரானிய மசகு எண்ணெய் 2012 இல் கைநழுவிப் போயிற்று. ஏற்கெனவே வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலரை வங்கிகள் மூலம் அனுப்பவும் வழியிருக்கவில்லை. 2021 டிசம்பரில்தான், மாதாந்தம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அக்கடனைத் தீர்ப்பதென உடன்பாடு காணப்பட்டது. தேயிலை உணவுப்பொருள் என்பதால் அதற்குத் தடையில்லை என்று கொழும்பு விளக்கமளிக்கவேண்டியிருந்தது.