உங்களுக்குத் தெரியுமா? பெரிய கோப்புகளை விலக்கிவிடும் பிகேச்

லினக்ஸ் சர்வர்களில் ஹார்டு டிஸ்க்கின் முன்னால் ஒரு எஸ்எஸ்டியைக் கேச்சாக நிறுத்த உதவுவது பிகேச். கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதிய இது, 2013இல் வெளிவந்த கெர்னல் 3.10இல் இடம்பெற்றது. ‘மேக்-பிகேச்’ கட்டளையால் இரு டிஸ்க்குகளையும் தயார் செய்து இணைக்கலாம்.

வருகிற தரவு எல்லாவற்றையும் பிகேச் எஸ்எஸ்டியில் ஏற்றுவதில்லை. தொடர்ச்சியான வாசிப்போ எழுத்தோ 4 எம்பியைத் தாண்டினால், அதை நேரே ஹார்டு டிஸ்க்குக்கே அனுப்பிவிடும். வரிசையாகப் படிப்பதில் ஹார்டு டிஸ்க் சளைத்ததல்ல. அங்குமிங்கும் சிதறிய சிறு துண்டுகளைத் தேடித் தலைமுனை அலையும்போதுதான் அது திணறுகிறது. எஸ்எஸ்டியின் இடம் அந்தத் துண்டுகளுக்கே ஒதுக்கப்படுகிறது. மிகச் சரியான முடிவு இது. சிஸ்எஃப்எஸ் கோப்பில் ‘எக்கோ’ கட்டளையால் வேறு எண்ணை எழுதினால், சர்வரை நிறுத்தாமலே இந்த வரம்பு மாறும்; 0 என்று எழுதினால் வரம்பே இராது.

இயல்பான ‘ரைட்-த்ரூ’ முறையில் தரவு இரண்டு டிஸ்க்குகளிலும் பதிந்த பிறகே எழுத்து முடிந்ததாகக் கணக்கு. ‘ரைட்-பேக்’ முறையில் எஸ்எஸ்டியில் பதிந்தாலே போதும். வேகம் கூடும், ஆனால் ஹார்டு டிஸ்க்குக்குப் போய்ச் சேருமுன் எஸ்எஸ்டி பழுதானால் அந்தத் தரவு மீளாது. எனவே எஸ்எஸ்டியைக் கழற்றுமுன் ‘டிட்டாச்’ கட்டளை கொடுத்து, தேங்கிய தரவு முழுவதும் இறங்கும்வரை காத்திருப்பது கட்டாயம்.