பயிற்சி எத்தனை காலம்?

மெழுகுவர்த்தி, காகிதப் பை, சோப்பு, மிதியடி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான எந்தத் தொழிற்பயிற்சி மையத்துக்குப் போனாலும் இவற்றில் இரண்டேனும் இருக்கும். திருவனந்தபுரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான். சொந்த ஊர் நாகர்கோவில். சொல்லிக்கொடுப்பதில் குறையில்லை. முப்பது வயதிலும் அதே பெஞ்சில் உட்கார்ந்து மெழுகு ஊற்றுகிறார்களே, அதுதான் வருத்தம்.

படிக்க இங்கே இடம் உண்டு. முறிஞ்ஞபாலத்தில் ஃபாதர் தாமஸ் ஃபெலிக்ஸ் 1980-ல் தொடங்கிய நிறுவனம், பாங்ஙப்பாறையில் அரசு நிறுவனம். பஞ்சாயத்துகள், கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயோடு சேர்ந்து நடத்தும் பட்ஸ் பள்ளிகளில் முதலாவது, 2004-ல் நம் வெங்ஙானூரில்தான் வந்தது. வேலை என்று வரும்போதுதான் கதவு சாத்துகிறது. 1995 சட்டத்தின் 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் இவர்கள் பேரே இல்லை. 2016 சட்டம் அதை 4 ஆக்கி, கடைசி 1 சதவீதத்தில் இவர்களையும் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து உட்கார வைத்தது. ஆகவே நான் நம்புவது கடைத்தெருவைத்தான்.

இந்த நம்பிக்கைக்கு முன்னோடி உண்டு. 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், எதற்கும் ஆகாதவர்கள் என்று தள்ளப்பட்டவர்களுக்கு, 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள்: முதலில் வேலையில் சேர், பயிற்சி அங்கேயே. கூடவே ஒருவர் நின்று பழக்கி, மெல்ல மெல்ல விலகிக்கொள்வார்.

சாலை பஜாரில் ஓர் அண்ணாச்சியின் சிப்ஸ் கடை. அங்கே இப்படித்தான் என் மாணவன் ஒருவனைச் சேர்த்தேன். அவனுக்கு எண் தெரியாது. தடித்த அட்டையில் 250 என்று பெரிதாக எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அட்டையில் இருப்பதும் தராசில் தெரிவதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையா, ஒரு சிப்ஸ் போடு, அல்லது எடு. பிறகு சீல், ஸ்டிக்கர், பெட்டி. வாடிக்கையாளர் விலை கேட்டால் திகைத்துப்போவான் என்பதால் மேசை உள்ளே போனது. இப்போது அண்ணாச்சிக்கு ஒரே குறை: “டீச்சர், இவன் கையில ஒரு சிப்ஸ் கூடப் போவாது. நம்ம வியாபாரத்துல கொஞ்சம் தாராளம் வேணும்லா?”

வேலையைவிட அதிகம் பாடுபட்டது பஸ்ஸுக்கு. 2021-ல் தொடங்கிய சிட்டி சர்க்குலர் தடங்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப் பெயர். போர்டு வாசிக்கத் தெரியாதவனுக்கு அது போதும். ஆனால் மழையில் கூட்டம் நெரிந்தால் ஏறமாட்டான், நின்றுவிடுவான். அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதையும் ஒரு பாடமாகவே வைத்தோம்.

சம்பளக் கணக்கு தொடங்கப் போனபோது வங்கியில் காப்பாளர் சான்று கேட்டார்கள். 18 வயதுக்குமேல் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆவதில்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது வங்கி கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரிகிறது.

“பைசா எதுக்கு டீச்சரே, அவன் சந்தோஷமா இருந்தா போதும்” என்றார் அவன் அம்மா. அண்ணாச்சிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கைச்செலவுக்கு ஏதாவது தருவதாகச் சொன்னார். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு என்ன கூலியோ அதுவேதான் என்று பேசி முடித்தேன். ஓணத்துக்கு மற்றவர்களுக்கு போனஸும் இவனுக்கு வேட்டியும் எடுத்து வைத்திருந்தார். இரண்டையும் வாங்கித் தந்த பிறகுதான் கடைப்படி இறங்கினேன்.