குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்குப் பயிற்சி: ஊர் கவனிக்க வேண்டியவை

பயிருக்கு மருந்து தெளிக்க ஆள் அமர்த்தும்போது, டாங்கிக்கு எத்தனை மில்லி என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டுத்தான் தெளிப்பானைக் கையில் கொடுக்கிறோம். ஆனால் ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீருக்கு நாள்தோறும் மருந்து கலப்பவரை அப்படிக் கேட்பதில்லை. மோட்டார் போடுகிறவர், தண்ணீர் திறந்து விடுகிறவர் என்றே அவரை அறிவோம். தண்ணீர் வராத நாளில்தான் அவர் நினைவு வருகிறது.

ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்கும் இந்தப் பணியாளர் செய்வது சுகாதார வேலை. சிறு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராமல் காப்பதில் மருத்துவருக்கு முன்னால் நிற்பவர் அவரே. அந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு ஊராருக்கும் உண்டு.

வாக்கர்டனில் நடந்தது

பயிற்சி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்திலுள்ள வாக்கர்டன் என்ற சிற்றூர் சான்று. அங்கு ஏறத்தாழ 5,000 பேர் வசித்தார்கள். 2000 மே மாதம் கனமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணை நிலத்தில் இட்டிருந்த மாட்டு எருவிலிருந்து கிருமிகள், ஆழமில்லாத ஒரு குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கின. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள்.

விசாரணை ஆணையம் கண்டறிந்த செய்தி நாம் சிந்திக்கத் தக்கது. எரு இட்ட விவசாயி மீது குற்றமில்லை. அவர் முறைப்படியே செய்திருந்தார். நீரேற்று நிலையத்தை நடத்தியவர்களோ பல ஆண்டுகளாகக் குளோரின் மருந்தைக் குறைத்தே கலந்தார்கள். சோதிக்காமலே நோட்டில் அளவு எழுதி வைத்தார்கள். கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்ததால் ஆபத்தில்லை என்று நம்பினார்கள். கிருமியைப் பற்றி அவர்களுக்கு முறையான பயிற்சி இருந்ததில்லை. அதன்பிறகு அம்மாநிலத்தில் குடிநீர் நிலையம் நடத்துவோருக்குப் பயிற்சியும் சான்றிதழும் கண்டிப்பாக்கப்பட்டன. சிறிய ஊர்களின் இயக்குபவர்களுக்காக 2004 ஆம் ஆண்டு வாக்கர்டனிலேயே ஒரு பயிற்சி நிலையமும் அமைந்தது.

கனமழை, ஆழமில்லாத கிணறு, பக்கத்தில் எருக்குழி ஆகிய மூன்றும் நம் ஊர்களிலும் உண்டு.

மருந்துக் கணக்கு

இயக்குபவர் முதலில் கற்க வேண்டியது பிளீச்சிங் பவுடர் கணக்கு. புதிய, நல்ல தூளில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து வைத்தால் இந்த வீரியம் நாளுக்கு நாள் குறையும். கடற்கரையின் ஈரக்காற்றில் இன்னும் விரைவாகக் குறையும்.

உதாரணமாக, 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் தேவை என்று கொள்வோம். மொத்தம் 60 கிராம் குளோரின் வேண்டும். புதிய தூளானால் சுமார் 180 கிராம் போதும். வீரியம் 25 பங்காகக் குறைந்திருந்தால் 240 கிராம் வேண்டும். 20 பங்கானால் 300 கிராம் வேண்டும். எனவே "தினமும் ஒரு கைப்பிடி" என்பது சரியான முறையாகாது. ஒரு சிறிய தராசும், தூளின் தேதி எழுதிய சீட்டும் அவசியம்.

தூளை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர் விட்டுக் கூழாகக் கரைத்து, பின் வாளி நிறைய நீர் சேர்த்துத் தெளிய விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலாக நிற்கும் தெளிந்த நீரை மட்டும், தொட்டி நிரம்பிக் கொண்டிருக்கும்போது ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அதன்பின் அரை மணி நேரமாவது கழித்தே ஊருக்குத் திறக்க வேண்டும். கரைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடி, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது நலம்.

பவுடர் மூட்டையை மோட்டார் அறையில் வைத்தால் அதன் ஆவி ஸ்டார்ட்டரையும் செம்புக் கம்பிகளையும் அரித்துவிடும். யூரியா முதலிய உரங்களோடும் மண்ணெண்ணெயோடும் சேர்த்து வைத்தால் பெரும் விபத்தே நேரலாம். காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத தனி இடத்தில் வைக்கவும்.

கடைசி வீட்டுக் குழாய்

மருந்து போட்டாயிற்று என்பதால் வேலை முடிந்துவிடாது. அது கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இதைக் காட்டும் எளிய கருவிக்குக் குளோரோஸ்கோப் என்று பெயர். சிறு குழாயில் நீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். அந்த நிறத்தைப் பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். படிப்பு அதிகம் இல்லாதவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

தொட்டியடியில் நிறம் தெரிந்து, கடைசி வீட்டில் தெரியாவிட்டால், வழியில் எங்கோ கசடு அல்லது கசிவு இருக்கிறது என்று பொருள். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகக் கிடக்கும்போது, உடைப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். வீட்டு இணைப்பில் மோட்டார் பொருத்தி உறிஞ்சினாலும் இதுவே நடக்கும். நம் வீட்டு மோட்டார் இழுக்கும் கழிவு பக்கத்து வீட்டுக் குழந்தையின் தம்ளருக்கும் போகிறது.

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டால், கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் தொட்டி இயக்குபவருக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

கடலோர ஊர்களின் தனிப் பாடம்

சதுரங்கப்பட்டினம் போன்ற ஊர்களில் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே சற்றுத் தொலைவில் வாயலூர் அருகே பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். மணலுக்குள் நிற்கும் நல்ல நீர், அதைவிடக் கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. இதன் கணக்கை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டவர்களில் ஒருவர், சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டைச் சேர்ந்த பொறியாளர். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது அக்கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறி வரக்கூடும்.

ஆகவே கடலோர ஊரில் ஆழ்குழாய்க் கிணற்றை ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓட்டுவதைவிட, இரண்டிரண்டு மணியாகப் பிரித்து, இடையே ஓய்வு கொடுத்து இறைப்பது நல்லது. ஒரே கிணற்றை நம்பாமல் மாற்றி மாற்றி இறைக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை ஏறிய கரையோர ஊர்களில் கிணறுகள் உப்பாயின. இலங்கையின் கிழக்குக் கரையில் அத்தகைய கிணறுகளை ஆராய்ந்தவர்கள், உப்பைக் கழுவியது பெரும்பாலும் மழையே என்றும், அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலும் ஏறும் என்றும் கண்டார்கள். பயிற்சி இல்லாதவர் "எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றே நினைப்பார்.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும்; உப்பை நீக்காது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. கல்பாக்கத்தில் 2002 முதலும், நெம்மேலியில் 2013 முதலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அத்தகைய நிலையங்களைப் பொறியாளர் குழுவே கவனிக்கும். ஊராட்சித் தொட்டிக்கு இருப்பவர் ஒருவர். அவர் கையிலும் நீரின் உப்பளவு காட்டும் சிறு மின்கடத்து மீட்டர் இருந்தால், நாக்கு அறியும் முன்பே உப்பு ஏறுவதை அறியலாம்.

மோட்டாரும் நோட்டும்

மோட்டார் இழுக்கும் ஆம்பியரை நாள்தோறும் குறித்துவர வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் கிணற்றில் நீர் இறங்கி மோட்டார் வெறுமையாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் மணல், பேரிங் தேய்வு அல்லது மின்னழுத்தக் குறைவு காரணமாகலாம். இவ்வளவும் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்குத் தெரிந்ததே.

தொட்டியை மாதம் இருமுறை கழுவி, தேதியைத் தொட்டியின் மேலேயே எழுத வேண்டும். மூடி பூட்டியிருக்க வேண்டும். தரைத்தொட்டிக்குள் எவரும் தனியாக இறங்கக் கூடாது; முதலில் மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவரை நிறுத்திக்கொண்டு, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

மோட்டார் ஓடிய நேரம், ஆம்பியர், பவுடர் கிராம், கடைசி வீட்டுக் குளோரின் அளவு, கழுவிய தேதி, பழுது ஆகிய ஆறும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். சோதிக்காத நாளில் "சோதிக்கவில்லை" என்றே எழுதட்டும். உண்மையை எழுதினால் திட்டு விழும் என்ற நிலை இருந்தால் நோட்டு பொய்யாகிவிடும். அதை ஊரார்தான் மாற்ற வேண்டும்.

விவசாயியின் பங்கு

எருக்குழியும் மாட்டுத் தொழுவமும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, சரிவின் கீழ்ப்புறத்தில் இருக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் இன்னும் தூரம் வேண்டும். யூரியாவை ஒரே தடவையாக இட்டு நீர் பாய்ச்சினால், மணல் நிலத்தில் அது நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கே இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருப்பது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இதையும் பிளீச்சிங் பவுடர் நீக்காது. எனவே பல தவணையாகப் பிரித்து இடவும். தெளிப்பானை ஊர்க் கிணற்றடியிலோ தெருக்குழாயடியிலோ கழுவ வேண்டாம்.

பயிற்சியை எங்கே கேட்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் மாவட்டந்தோறும் உள்ளது. ஊராட்சியினருக்குப் பயிற்சி தரும் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் நம் செங்கற்பட்டு மாவட்டத்து மறைமலை நகரிலேயே இருக்கிறது. 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வகையுண்டு. உள்ளூர் ஆளுக்கே குழாய், மோட்டார், மின்வேலை கற்றுத் தரும் 'நல் ஜல் மித்ரா' பயிற்சியும் உண்டு. பயிற்சி இருவருக்குக் கிடைப்பது நல்லது. ஒருவர் நோயுற்றால் மற்றவர் பார்ப்பார்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே முன்மாதிரி உண்டு. 2004 வாக்கில் குடிநீர் வாரியப் பொறியாளர்கள் 'கூடம்' என்ற முறையைக் கைக்கொண்டார்கள். பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி வட்டமாக அமர்ந்து பேசுவது அதன் வழக்கம். கற்றுக் கொடுப்பவரும் கேட்க வேண்டும் என்பதே அதன் கருத்து. எந்த வால்வு எப்போது கசியும் என்பது தொட்டி இயக்குபவருக்குத்தான் தெரியும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் தொட்டி இயக்குபவர் பயிற்சி பெற்றாரா? கையில் எத்தனை நாளுக்குப் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது? கடைசி வீட்டுக் குழாயில் நேற்று குளோரின் எவ்வளவு? அவருடைய சம்பளம் மாதந்தோறும் தவறாமல் போய்ச் சேருகிறதா? முதல் மூன்றும் சரியாக நடக்க வேண்டுமானால் நான்காவதையும் கேட்டே ஆக வேண்டும்.