தலைப்பாகையும் பர்தாவும்: திருகோணமலையில் அன்றும் இன்றும்

கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் பிரட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். கோட்டை இன்றும் இராணுவ முகாம். வாசலில் ஆமி நிற்கும். உள்ளே நடந்தால் மரநிழலில் மான்கள் படுத்திருக்கும். அதற்கும் மேலே, சுவாமி மலையில் கோயில். கும்பிட வருகிற சிப்பாயும் தொப்பியையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சீருடை விட்டுக்கொடுக்கும் இடங்களும் உண்டென்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட ஊரில், ஒரு ஆசிரியையின் ஹபாயாவும் பரீட்சை எழுதப்போன பிள்ளைகளின் பர்தாவும் பெரும் பிரச்சினையாக வெடித்ததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்ட காலத்தில், இலங்கையின் காவலுக்கு இந்தியப் படைகளும் வந்திருந்தன. அந்த பிரித்தானிய இந்திய இராணுவத்தில் சீக்கியச் சிப்பாய்க்குத் தலைப்பாகைதான் சீருடை. பஞ்சாபில் ஆள் சேர்க்க வேண்டிய அரசு, தலைமுடியை மழித்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை. மாறாக, சேரும் சீக்கியர் கால்சா தீட்சை பெற்று, கேசம் வளர்த்தவராக இருக்க வேண்டுமென்று படைகளே வற்புறுத்தின. இரும்புத் தொப்பி வந்த பிறகும் இரண்டு உலகப் போர்களிலும் பல சீக்கியர் அதைப் போட மறுத்துத் தலைப்பாகையோடேயே களத்தில் நின்றார்கள்.

அந்தத் தலைப்பாகையைக் கட்டுவது லேசான வேலையல்ல. ஏறத்தாழ ஐந்து மீட்டர் துணி. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்து, நீளவாக்கில் மடித்து நேராக்க வேண்டும். பிறகு அடுக்கின்மேல் அடுக்காகச் சுற்றி, நெற்றிக்கு மேலே படைப்பிரிவின் இலச்சினையைக் குத்த வேண்டும். அணிவகுப்பில் ஒரு மடிப்புப் பிசகினாலும் அதிகாரி கேட்பார். மதத்தின் துணிதான், ஆனால் நிறத்தையும் மடிப்பையும் இராணுவம் தீர்மானித்தது. இப்படி இரண்டு பக்கமும் இணங்கிப்போனதில் ஒழுங்கு கெட்டதாக எவரும் சொன்னதில்லை.

அதே பேரரசு கொழும்பில் வேறு முகம் காட்டியது. 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் நின்றபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதைக் கழற்றச் சொன்னார். அவர் கழற்றாமல் வெளியேறினார். முஸ்லிம்கள் நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் மருதானையில் பெருங்கூட்டம் திரண்டது. கடைசியில் நீதிமன்றமே இறங்கிவந்து தொப்பியை அனுமதித்தது. ஒரு தொப்பியால் நீதி வளையவில்லை என்பதற்கு அதற்குப் பிந்திய நூறு வருடமும் சாட்சி.

பிறகு 1987. ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை வந்தது. எங்கள் தலைமுறை தலைப்பாகைச் சிப்பாயை அருகில் பார்த்தது அப்போதுதான். அந்த நினைவு இனிமையானதல்ல. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் பட்ட வீடுகளுக்கு அது தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் சிறிய அணி ஏறத்தாழ முழுவதுமாக மடிந்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையினர் கப்பலேறியது நமது துறைமுகத்திலிருந்துதான். அந்தப் படைமேல் நமக்கு ஆயிரம் குறை உண்டு. தலைப்பாகையால் கட்டுப்பாடு குலைந்தது என்ற குறை மட்டும் எவர் வாயிலும் வந்ததில்லை.

வெளிநாட்டுப் படைகளும் தயங்கித் தயங்கி இந்த இணக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்க விமானப்படையில் யூதக் குல்லா அணிந்த கோல்ட்மன் என்ற அதிகாரியின் வழக்கை 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளியது. மறுவருடமே காங்கிரஸ் சட்டம் இயற்றி அடக்கமான மத அணிகலனுக்கு இடம் கொடுத்தது. 2017இல் அமெரிக்கத் தரைப்படை தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் ஒழுங்கான நடைமுறை வகுத்தது. லண்டனில் 2018இல் மகாராணியின் பிறந்தநாள் அணிவகுப்பில் கரடித்தோல் தொப்பிகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் தலைப்பாகையும் போனது. இந்தியாவிலும் எல்லாம் சரியென்று சொல்லிவிட முடியாது: தாடி வைத்த முஸ்லிம் விமானப்படை வீரரின் மனுவை 2016இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஒரு சமயத்துக்குத் திறக்கும் கதவு இன்னொன்றுக்குத் திறக்காதென்றால் அதை நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நமது ஊருக்கு வருவோம். முன்பெல்லாம் கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பெண்கள் சேலை முந்தானையையே முக்காடாகப் போட்டுக்கொள்வார்கள். ஹபாயா பரவியது பின்னால்தான், வளைகுடா வேலையும் மார்க்கக் கல்வியும் பெருகிய காலத்தில். 2018 ஏப்ரலில் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் சில முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா அணிந்து வந்தபோது பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சார்பாகப் பரிந்துரை செய்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய் இணக்கமானது. 2022 பெப்ரவரியில் ஆசிரியை ஒருவர் கடமைக்குத் திரும்பியபோது மறுபடியும் அமளி. இரு தரப்பும் முறைப்பாடு செய்தன.

சண்முகாவின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மிஷன் பாடசாலைகள் ஓங்கியிருந்த காலத்தில், 1923இல், இந்துப் பெண்பிள்ளைகளுக்கென்று எழுந்த பாடசாலை அது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் தமிழர் ஏறத்தாழ 31 வீதம். முஸ்லிம்கள் 40 வீதத்துக்கு மேல். சிங்களவர் 27 வீதம். ஊர் கைநழுவுகிறதே என்ற தமிழரின் பயம் பொய்யானதல்ல. சேலை அங்கே வெறும் உடுப்பல்ல, பாடசாலையின் மரபு. ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஒரு ஆசிரியை விலை கொடுக்கக் கூடாது. முகத்தைத் திறந்துவைத்துக் கணக்கோ விஞ்ஞானமோ படிப்பிக்கும் ஒருவரால் எந்தப் பிள்ளையின் திருநீறும் அழியாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த தடைகூட முகத்தை மறைக்கும் உடைக்குத்தான். தலைமுடியை மூடுவதற்கு அல்ல.

இன்னும் நெஞ்சைச் சுடுவது 2024இல் நடந்தது. திருகோணமலை சாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள் மே மாத இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டன. காதை மூடிப் பர்தா அணிந்து பரீட்சை எழுதினார்கள் என்பதே காரணம். காதுக்குள் ஒலிக்கருவி இருந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு மண்டப வாசலில் ஒரு பெண் நோக்குநர் பர்தாவை விலக்கிப் பார்த்தால் போதும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் பிடிக்காது. அதைச் செய்யாமல், எழுதி முடித்த பிள்ளைகளைப் பல்கலைக்கழகக் கனவோடு அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். பெறுபேறுகள் பிறகு வெளிவந்தன. அதுவரை அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு?

அன்று போர்க்களத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பேரரசு தலைப்பாகைக்கு விதி எழுதியது. இன்று வகுப்பறைக்கு ஆசிரியை தேவை. நாமோ சச்சரவு வந்த பிறகுதான் விதியைத் தேடுகிறோம். பரீட்சைத் திணைக்களம் காது பரிசோதனையை எப்படி, யார், எப்போது செய்வதென்று பரீட்சைக்கு முன்பே மூன்று மொழியிலும் சுற்றறிக்கையாக எழுதட்டும். கல்வித் திணைக்களம் ஆசிரியர் உடையைப் பற்றி நியமனக் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லட்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை ஒரு ஆசிரியை பர்தாவோடு வாசலுக்கு வந்தால், பதாகை தூக்குவதற்கு முன் அவர் என்ன பாடம் படிப்பிக்க வந்திருக்கிறார் என்று கேளுங்கள்.